தோட்டத்தில் ஹனிசக்கிள்: கேள்வி பதில்

கேள்வி (லெஸ்டர், இங்கிலாந்து): பறவைகளும் பூச்சிகளும் வந்துபோகும் தோட்டம் அமைக்க விரும்புகிறேன். மணமுள்ள பூக்கொடியான ஹனிசக்கிளில் எந்த வகையை நடலாம்?

பதில்: பிரிட்டனின் வேலியோரங்களில் தானாகவே படரும் லோனிசெரா பெரிக்லிமெனம் வகையை நடுங்கள். ஜப்பானிய வகை குளிர்காலத்திலும் பசுமையாக நிற்கிறது என்று பலர் வாங்குகிறார்கள். அமெரிக்கக் காடுகளில் அது படர்ந்து பெருந்தொல்லையானதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி (ஹாரோ): மணம் வீசுகிறது, ஆனால் பகலில் பூச்சி எதையும் காணோமே?

பதில்: ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரை மணிக்குமேல் கொடியருகே நின்று பாருங்கள். அன்று மாலை விரிந்த பூக்கள் வெண்மையாக இருக்கும். மகரந்தச் சேர்க்கை முடிந்தவை மஞ்சளாகிவிடும். தேன் நீண்ட குழலின் அடியில் இருப்பதால், ஹாக் மாத் எனப்படும் பெரிய அந்துப்பூச்சிகள் பூவில் அமராமலே, அந்தரத்தில் சிறகடித்தபடி, சுருட்டி வைத்திருக்கும் நீண்ட உறிஞ்சுகுழலை நீட்டி அதைக் குடிக்கின்றன. பகலில் வரும் பம்பிள் தேனீக்களில் நாக்கு குட்டையானவை, பூவின் அடியில் துளையிட்டுத் தேனைத் திருடிச் செல்வதும் உண்டு. சிறுவயதில் இட்லிப்பூவைப் பறித்துத் தேன் உறிஞ்சிய நமக்கு அவற்றைக் குறைசொல்லும் தகுதி இல்லை.

கேள்வி (குரோய்டன்): இலைகளில் வெண்பொடியும் நுனியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளும் இருக்கின்றன. மருந்து அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். வெண்பொடி சாம்பல் நோய். வேர் காய்ந்தால் வரும். வேர் நிழலிலும் நுனி வெயிலிலும் இருக்குமாறு நட்டு, மக்கிய உரத்தால் மூடாக்கு இடுங்கள். அசுவினியைப் பொறிவண்டுகளும் சிட்டுகளும் தின்னும். மருந்தடித்தால் அவற்றின் உணவும் போய்விடும்.

கேள்வி (ரெடிங்): பழம் சாப்பிடலாமா?

பதில்: கூடாது; நமக்கு வயிற்றைக் கெடுக்கும். பறவைகளுக்கு விட்டுவிடுங்கள்.

கேள்வி (எக்ஸெட்டர்): பழைய கொடியின் அடிப்பகுதி மொட்டையாகிவிட்டது. எப்போது கவாத்து செய்வது?

பதில்: பிரிட்டனின் பெரிக்லிமெனம் வகை முந்தைய ஆண்டுத் தண்டிலிருந்தே பூப்பதால், பூத்து முடிந்த கோடையிறுதியில் லேசாக வெட்டினால் போதும், ஆனால் அப்போது வெட்டிய கிளையில் பழம் இராது என்பதால், பாதியை நான் வெட்டாமல் விடுவேன். மிகவும் முற்றிய கொடியைக் குளிர்காலம் முடியும் தறுவாயில் தரையிலிருந்து இரண்டடி உயரத்திற்கு வெட்டலாம். அடுத்த கோடையில் பூ குறையும். முதிர்ந்த தண்டில் நார்நாராகத் தொங்கும் பட்டையை மட்டும் உரித்துச் சுத்தம் செய்யாதீர்கள். உங்கள் பக்கத்துக் காடுகளில் வாழும் டார்மவுஸ் என்னும் சிறு விலங்கு கூடு பின்னுவது அந்த நாரைக் கொண்டுதான்.