கால்மணி ஓய்வைச் சேர்த்துவைக்க முடியுமா?

கேள்வி: காரைக்குடியில் பலகாரம் செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறேன். வயது 43. காலை 7 முதல் மாலை 4 வரை தேன்குழல், அதிரசம் என்று அடுப்படியில் நின்றபடியே வேலை. 10 மணிக்கும் 3 மணிக்கும் கால்மணி நேரம் ஓய்வு உண்டு. அதை எடுக்காமல், அரைமணி முன்னதாகவே வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறோம். முதலாளி ஆச்சியும் சரி என்றுவிட்டார். சாயங்காலம் இரண்டு கணுக்காலும் வீங்கிவிடுகின்றன. இது வேலையால் வருவதா?

பதில்: பெரும்பாலும் வேலையால்தான். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளும். ஒரே இடத்தில் நின்றால் அது நடக்காது. இரத்தம் காலில் தேங்கும், நீர் கசிந்து வீக்கமாகும். அடுப்புச் சூட்டில் இரத்தக் குழாய்கள் விரிவதால் தேக்கம் இன்னும் கூடும். வருடக்கணக்கில் இப்படியே போனால், காலில் இரத்தக் குழாய்கள் புடைத்துச் சுருண்டுகொள்ளும் வெரிகோஸ் வெயின் வரலாம். காலையில் விட்ட ஓய்வை மாலையில் வாங்கிக்கொள்ள உடம்புக்குத் தெரியாது. தேங்கத் தொடங்கும்போதே காலுக்கு இளைப்பாறல் வேண்டும். அதற்குத்தான் அந்த 10 மணி ஓய்வு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ஓய்வை விடும் பெண்கள், கழிப்பறைக்குப் போக நேரமில்லை என்று தண்ணீரையும் குறைத்துவிடுகிறார்கள். நீர்க்கடுப்போடு வருபவர்களிடம் கேட்டால் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது.

ஓய்வு மணி வந்ததும் முதலில் ஒன்றுக்குப் போய்விட்டு வாருங்கள். அப்புறம் வளவு முற்றத்திலோ திண்ணையிலோ படுத்து, காலைச் சுவரில் உயர்த்தி 10 நிமிடம் வையுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்றால் உடம்புச் சூடும் தணியும். ஒரு சொம்பு நீர்மோர் குடியுங்கள். இரத்த அழுத்தம் இருந்தால் உப்பில்லாமல். நின்றுகொண்டே செல்போன் பார்ப்பது காலுக்கு ஓய்வல்ல.

முறுக்குச் சுற்றுவது, பொட்டலம் போடுவது போன்றவற்றை உட்கார்ந்தே செய்யலாம். ஆச்சியிடம் தயங்காமல் ஸ்டூல் கேளுங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தப்பட்டிருக்கிறது.

இரண்டு வாரம் இப்படிச் செய்தும் வீக்கம் குறையாவிட்டாலோ, காலையில் எழும்போதே வீங்கியிருந்தாலோ, இரத்த அழுத்தம், சிறுநீர், ஹீமோகுளோபின், தைராய்டு பரிசோதனைகள் தேவை. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால், அல்லது மூச்சு வாங்கினால், காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.