பொங்கல் தின்ற பசு நீர் விடவில்லை: அடைப்பா?

கேள்வி: மாட்டுப் பொங்கலன்று எங்கள் கலப்பினப் பசு (சுமார் 400 கிலோ) ஒரு அண்டா பொங்கலையும் சோற்றையும் தின்றுவிட்டது. மறுநாள் அசைபோடவில்லை, புளிச்ச வாடையோடு தண்ணீராகக் கழிகிறது, கண் உள்ளே போய்விட்டது. காலையிலிருந்து ஒரு சொட்டுக் கோமியம்கூட இல்லை. நீர் அடைத்துக்கொண்டதா? நீர் பிரிய ஊசி போடலாமா?

பதில்: நீங்கள் சொல்லும் குறிகளுக்கு இது அடைப்பாகத் தெரியவில்லை. சிறுநீரகம் நீரைப் பிரிப்பதையே நிறுத்தியிருக்கிறது. நீர் பிரிக்கும் ஊசியை இப்போது போடவே கூடாது. உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும்.

சோறு பெருவயிற்றில் புளித்து லாக்டிக் அமிலமாகிறது. அந்தப் புளிப்பு, ரத்தத்திலிருக்கும் தண்ணீரை வயிற்றுக்குள் இழுக்கிறது. கழிச்சலிலும் தண்ணீர் போகிறது. ரத்தத்தின் அளவு குறைந்தால் அழுத்தமும் இறங்கும். கழுத்து நாளங்களில் உள்ள உணர்விகள் இதை மூளைக்குச் சொன்னதும், தானாக இயங்கும் பரிவு நரம்புகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாய்களை இறுக்குகின்றன. மூளையையும் இதயத்தையும் காப்பாற்ற உடம்பு எடுக்கும் முடிவு இது. அதோடு, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் ஹார்மோன், வடிகட்டிய கொஞ்ச நீரையும் ரத்தத்துக்கே திருப்பிவிடும். வடிகட்ட அழுத்தமும் இல்லை, வடிந்ததும் வெளியே வராது. இந்த நிலையில் நீர் பிரிக்கும் ஊசி போட்டால் மிச்சமிருக்கும் ரத்த அளவும் குறையும்.

அடைப்பா, உற்பத்தியே இல்லையா என்று நீங்களே ஓரளவு பார்க்கலாம். வாலைத் தூக்கி, அறைக்கு (பிறப்புறுப்பின் வாய்க்கு) கீழே உள்ள தோலை விரல் நுனியால் மேலும் கீழுமாக மெதுவாக ஒரு நிமிடம் தடவுங்கள். சிறுநீர்ப்பை நிறைந்த பசு பெரும்பாலும் முதுகை வளைத்து நீர் விடும். தண்டுவட நரம்பு வழியாக வரும் அனிச்சை அது. அடைப்பு இருந்தால் அடிக்கடி முக்கும், வாலை ஆட்டும், வயிற்றை உதைக்கும். முக்கலே இல்லாமல் காது ஜில்லென்று இருந்தால் பை காலி என்றுதான் சந்தேகப்பட வேண்டும். மருத்துவர் ஆசனவாய் வழியே கைவிட்டுப் பார்த்து உறுதி செய்வார். பசுவின் நீர்த்தாரை (சிறுநீர் வெளியே வரும் குழாய்) குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் கல் அடைப்பது அபூர்வம். காளையிலும் கிடாயிலும்தான் அது அதிகம்.

வாலின் அடிப்பக்கம் விரல் வைத்து நாடியை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 60 முதல் 80 சாதாரணம். 100ஐத் தாண்டினால் நோய் முற்றுகிறது. 120 என்றால் ஆபத்து.

மருத்துவர் வரும்வரை தீவனம் எதுவும் வேண்டாம். தொட்டித் தண்ணீரையும் அளவில்லாமல் காட்டாதீர்கள், வேலை செய்யாத வயிற்றில் அது தேங்கத்தான் செய்யும். நின்றுகொண்டு நன்றாக விழுங்குகிற மாடு என்றால் 100 கிராம் சமையல் சோடாவை அரை லிட்டர் நீரில் கலக்கி, நாக்கை இழுக்காமல், கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். படுத்துவிட்ட மாட்டுக்கு வாய்வழி எதுவும் வேண்டாம், புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும்.

கடுமையான நிலையில் 5 சதவீத சோடியம் பைகார்பனேட் கரைசல் 4 முதல் 5 லிட்டர், அரை மணி நேரத்தில் ரத்தக் குழாயில் ஏற வேண்டும். அதன் பிறகு 6 முதல் 12 மணி நேரத்துக்குள் 50 லிட்டர் வரைகூட உப்புக் கரைசல் தேவைப்படலாம். பல இடங்களில் இரண்டு பாட்டில் ஏற்றிவிட்டு 'டிரிப்ஸ் போட்டாச்சு' என்று நிறுத்திவிடுகிறார்கள். பல மாடுகளை இழப்பது அங்கேதான். வலி ஊசியையும் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். அழுத்தம் குறைந்த சிறுநீரகத்துக்கு மிச்சமிருக்கும் ரத்த ஓட்டத்தையும் அது குறைத்துவிடும்.

கரைசல் ஏறும்போது ஒருவர் மாட்டின் பின்னாலேயே இருங்கள். அழுத்தம் திரும்பினால் சிறுநீரக ரத்தக் குழாய்களின் இறுக்கம் தளர்ந்து நீர் பிரியத் தொடங்கும். முதலில் கரும் மஞ்சளாக, கொஞ்சமாக வரும், பிறகு நிறம் தெளியும். மணியையும் அளவையும் குறித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். கரைசல் போதுமான அளவு ஏறியும் நீர் வரவில்லை என்றால், ரத்தம் கிடைக்காமல் சிறுநீரகமே பழுதாகியிருக்கலாம். அப்போது மேற்கொண்டு எவ்வளவு ஏற்றுவது என்பதை ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.