ரம்ஜானா, ரமலானா, ரமதானா: எது சரி? அர்த்தம் என்ன?

பக்கத்து வீட்டுக்காரருக்கு வாழ்த்து அனுப்பத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மூன்றும் ஒரே சொல்தான். இஸ்லாமிய நாட்காட்டியான ஹிஜ்ரி ஆண்டின் 9ஆம் மாதத்தின் பெயர். வேர்ச்சொல்லுக்கு வெயிலில் காய்ந்த தரையின் கொதிப்பு என்று பொருள்.

பதில் முடிந்தது. ஆனால் கேள்வியைப் பார்த்ததும் பழைய கோபம் கிளம்பிவிட்டது.

ஏழாம் வகுப்புக் கட்டுரையில் 'ரமலான்' என்று எழுதினேன். தமிழையா சிவப்பு மையால் அடித்து 'ரம்ஜான்' ஆக்கினார். காலண்டரில் அப்படித்தான் போட்டிருந்தது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பல வருடம் கழித்து சவூதியிலிருந்து லீவில் வந்த தம்பி, உம்மா (எங்கள் அம்மா) 'ரமலான் பிறை' என்றதும், "உம்மா, ரமலான் இல்ல, ரமதான். அரபிங்க அப்படித்தான் சொல்றாங்க, நம்ம ஊர்ல எல்லாமே தப்பு" என்றான். ஆயுசு முழுக்க நோன்பு பிடித்த மனுஷி, அதன் பெயரையே தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று வாயடைத்துப் போனார்.

தப்பே இல்லை. ல, ஜ, த என்று மாறி மாறி வருவது ஒரே அரபி எழுத்துதான். அதை எங்கள் மதரசாவில் 'ளாத்' என்பார்கள். நாக்கின் ஓரம் கடைவாய்ப் பல்லில் பட வேண்டும் என்று உஸ்தாத் பிரம்பும் கையுமாக நின்று சொல்லிக்கொடுத்தார். 8ஆம் நூற்றாண்டு அரபி இலக்கண அறிஞர் சீபவைஹியின் விளக்கமும் ஏறக்குறைய அதுதான். நாக்கு அப்படிப் போனால் ல, ள சாயல் வரத்தானே செய்யும்? இதே எழுத்து வரும் அரபியின் 'அல் காளி' (நீதிபதி) ஸ்பானிய மொழிக்குப் போய் 'அல்கால்டே' ஆனது. இன்று அங்கே நகரத் தலைவருக்கு அதுதான் பெயர். அதிலும் ஒரு 'ல்' உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். மலையாளத்திலும் ரமளான் என்று சொல்வதுண்டு. பாரசீகம், உருது வழியாக வந்தது ரம்ஜான். இன்றைய அரபியில் பொதுவாக அழுத்தமான 'த' ஒலி, தம்பி கேட்டது அது. ஒளு (தொழுகைக்கு முன் கை கால் கழுவுவது), பர்ளு (கட்டாயக் கடமை), களா (தவறியதைப் பிறகு நிறைவேற்றுவது) என்று நாங்கள் அன்றாடம் சொல்வதிலும் இதே ளாத் இருக்கிறது. அதையெல்லாம் அவன் திருத்தவில்லை!

உடனே 'அப்போ தஜ்வீது (குர்ஆன் ஓதும் உச்சரிப்பு முறை) வேண்டாமா?' என்று சண்டைக்கு வராதீர்கள். நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை. குர்ஆன் ஓதும்போது உச்சரிப்பு முறைப்படிதான் இருக்க வேண்டும். நான் சொல்வது வீட்டில் தமிழ் பேசுவதைப் பற்றி.

இதில் வேடிக்கை, தம்பி பெயரிலேயே அந்த எழுத்து உண்டு. ரில்வான், ரிஸ்வான் என்று இரண்டு விதமாக எழுதுவார்களே, அந்த மாதிரிப் பெயர். பள்ளிச் சான்றிதழில் 'ல', அடையாள அட்டையில் 'ஸ'. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க நோட்டரி, பிரமாணப் பத்திரம் என்று ஓர் அலுவலகத்துக்கு ஆறு தடவை அலைந்தது நான். கவுன்ட்டரில் இருந்தவர், "எது சரின்னு நீங்களே முடிவு பண்ணிட்டு வாங்க சார்" என்றார். அவருக்கு ளாத் பாடம் எடுக்கவா முடியும்?

சரி, உங்கள் விஷயம். ரமலான் என்பது நோன்பு மாதம். பண்டிகை அது முடிந்து, அடுத்த மாதமான ஷவ்வாலின் முதல் நாளில். பண்டிகைக்கே ரம்ஜான் என்று சொல்லிப் பழகிவிட்டோம். வாழ்த்தில் 'நோன்புப் பெருநாள் வாழ்த்துகள்' என்று எழுதுங்கள், எங்கள் வீடுகளில் சொல்வது அதுதான். பிறை தெரிந்ததா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். போன வருடம் எனக்கு ஒரு நாள் முன்னாலேயே நாலு பேர் அனுப்பிவிட்டார்கள்.