56 வயதில் டிபன் கடை போட்டால் ஜெயிக்க முடியுமா?

ராயபுரத்தில் இருக்கிறேன், வேலையும் போய்விட்டது, இனிமேல் கடை போட்டால் எடுபடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடலாம்.

கேஎஃப்சி என்ற கோழி வறுவல் நிறுவனத்தைத் தொடங்கிய அமெரிக்கர் சாண்டர்ஸ் 1890-ல் பிறந்தவர். புது நெடுஞ்சாலை விலகிப் போனதால், கென்டக்கியில் நடத்திய உணவகத்தை 1956-ல் விற்க வேண்டி வந்தது. அப்புறம் காரில் ஊர் ஊராகப் போய், தன் கோழி வறுவல் முறையை மற்ற கடைகளுக்குக் கொடுத்தார். 1964-ல் நிறுவனத்தை விற்றது 20 லட்சம் டாலருக்கு. பலரும் கவனிக்காத விஷயம், 1930-களிலிருந்தே அவர் கோழி சமைத்து விற்றவர். கடை போனாலும் கைப்பக்குவம் போகவில்லை.

நம்ம பக்கத்திலேயே பாருங்களேன். 1960-களில் பர்மாவிலிருந்து எல்லாம் இழந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்ததுதான் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ். பீச் ஸ்டேஷன் பக்கம் சாயங்காலம் போனால் தெரியும்: ஆரஞ்சு நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர் விட்டுக் கையாலேயே பிசைகிறார்கள். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப்.

அதனால் புதிதாக எதையும் தேடாதீர்கள். வீட்டில் எல்லோரும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது எதுவோ, அதை மட்டும் மூன்று மாதம் வாசலில் போட்டு விற்றுப் பாருங்கள். பி.எஃப். பணத்தில் மட்டும் தயவுசெய்து கை வைக்க வேண்டாம்.