மாமியாரும் முதுமக்கள் தாழியும்

கேள்வி: என் மகனுக்கு முதுமக்கள் தாழி (பழங்காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த பெரிய மண்பானை) பார்க்க ஆசை. புதுச்சேரி அருகிலுள்ள சுத்துக்கேணிக்கு அழைத்துப் போகலாமா? முதியவர்களை உயிரோடு தாழியில் வைத்தார்கள் என்கிறார் மாமியார். உண்மையா? – வாசகி, வில்லியனூர்

பதில்: போகலாம். ஆனால் தாழி உங்களுக்காக வாய் பிளந்து காத்திருக்காது. பங்குனி வெயிலில் வரப்பு வரப்பாக நடந்த எனக்குக் காலில் முள் தைத்ததுதான் மிச்சம். பிரெஞ்சு அறிஞர் ழான் மாரி கசால் அகழ்ந்த ஊர் அது. அந்த அகழாய்வு அறிக்கையே 1956-இல் வெளிவந்துவிட்டது; இப்போது போனால் ஒன்றும் கண்ணில் படாமல் போகலாம். எனவே முதலில் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போய், பழைய துறைமுக ஊரான அரிக்கமேட்டில் கிடைத்த பொருள்களோடு தொடங்குங்கள். எங்காவது உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமான ஓடு கண்ணில் பட்டால், பானையைக் கவிழ்த்துச் சுட்டதால் வந்த நிறம் என்று பையனுக்குச் சொல்லுங்கள். பொறுக்கிப் பையில் போட மட்டும் விடாதீர்கள்!

மாமியாரிடம் பக்குவமாகப் பேசுங்கள். பல தாழிகளில் இருப்பவை, உடல் மட்கியபின் பொறுக்கி வைத்த எலும்புகளே. உயிரோடு வைத்ததற்குச் சான்றில்லை. புறநானூறு 256-ஆம் பாட்டில், வண்டிச் சக்கரத்து ஆரக்காலில் ஒட்டிய பல்லிபோலக் கணவனோடு வாழ்ந்து வந்த ஒருத்தி, அவன் இறந்ததும், அவனுக்கான தாழியைத் தனக்கும் இடமிருக்குமாறு அகலமாக வனையச் சொல்லிக் குயவனிடம் கெஞ்சுகிறாள். அதை மாமியாருக்குப் படித்துக் காட்டுங்கள்.