பைலட் ஆகறதா, 45-ல ரிட்டயர் ஆகறதா? நீங்க கேட்டதுக்கு என் பதில்

23 வருஷம் ஏர்கிராஃப்ட் மெயின்டனன்ஸ்ல இருந்துட்டு கோத்தகிரிக்கே திரும்பி வந்துட்டேன். ஏவியேஷனுக்கு மாறறது பத்தியும் சேமிப்பு பத்தியும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன்ல, வந்த கேள்விங்க இதோ.

குன்னூர்லருந்து: அண்ணா, வயசு 34, ஐடி வேலை, வீட்லருந்தே பாக்கறேன். 45-ல வேலைய விட்டுரலாம்னு 60 லட்சம் சேத்திருக்கேன். ஆனா சின்ன வயசுலருந்து பைலட் ஆசை. இந்தக் காச எடுத்துப் போடலாமா?

தம்பி, காசு பேச்செல்லாம் அப்புறம், முதல்ல மெடிக்கல். பைலட்டுக்கு உடம்பு தகுதியான்னு பாக்கற டெஸ்ட்டு அது, கிளாஸ் 2 முடிச்சு கிளாஸ் 1 வாங்காம எந்த ஃப்ளையிங் ஸ்கூலுக்கும் ஒரு ரூபா அட்வான்ஸ் கட்டாதீங்க. கண்ணாடி போட்டிருந்தா பரவால்ல, ஆனா கலர் பாக்கற டெஸ்ட்டுல தேறலன்னா கதை அங்கயே முடிஞ்சுது. பெங்களூர்ல விமானப்படையோட மெடிக்கல் சென்டர் இருக்கு, மைசூர் வழியா போயிடலாம், பந்திப்பூர்ல ராத்திரி 9-லருந்து காலைல 6 வரைக்கும் ரோட்ட மூடிருவாங்க, அதனால பகல்லயே கிளம்புங்க.

இப்ப கணக்கு. 200 மணி நேரம் ஓட்டி கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கி, அதுக்கு மேல டைப் ரேட்டிங்கும் (ஒரு குறிப்பிட்ட ரக விமானத்த ஓட்டறதுக்கான தகுதி) போட்டா 60-லருந்து 80 லட்சம் ஆகும், சில பேருக்கு அதுக்கும் மேல. அந்த 60 லட்சத்த 20 வருஷம் தொடாம விட்டா, வருஷத்துக்கு 10 சதவீதம்னு வச்சுக்கிட்டா, உங்க 54 வயசுல சுமார் 4 கோடி, ஆனா விலைவாசி 6 சதவீதம் ஏறுச்சுன்னா அது இன்னைக்கு மதிப்புல ஒண்ணேகால் கோடிதான். நீங்க விட்டுக்குடுக்கறது அந்த ஒண்ணேகால் கோடியும், ரெண்டு மூணு வருஷ சம்பளமும். இன்னொரு பக்கம் ஏர்லைன்ல 65 வரைக்கும் ஓட்டலாம், 37-ல வேலை கிடைச்சா 28 வருஷம் இருக்கு, போட்ட காசு திரும்பி வரும். கிடைச்சாங்கறதுதான் விஷயம். லைசென்ஸ கையில வச்சுக்கிட்டு ரெண்டு மூணு வருஷம் வீட்ல உக்காந்திருந்த பசங்கள நான் பாத்திருக்கேன், பறக்காம இருந்தா லைசென்ஸ உயிரோட வச்சுக்கவே தனியா செலவு, அந்த அப்பா அம்மா முகத்த நினைச்சா இப்பவும் மனசு கேக்காது.

அதனால 20 லட்சத்த ரிட்டயர்மென்ட்டுக்குன்னு ஒதுக்கி மறந்துருங்க, 8 லட்சம் வீட்டுச் செலவுக்கு. மிச்சம் 32. கொறையறதுக்கு 40 லட்சம் லோன் போட்டா, 11 சதவீதத்துல 10 வருஷத்துக்கு மாசம் 55,000 கிட்ட கட்டணும். வேலை கிடைக்கற வரைக்கும் அத யார் கட்டுவாங்க? வீட்ல இன்னொரு சம்பளம் இல்லன்னா இப்ப வேண்டாம்னுதான் சொல்வேன்.

ஆனா சும்மா இருக்கச் சொல்லல. லைசென்ஸுக்கு வேண்டிய நேவிகேஷன், மெட்டியராலஜி (வானிலை), ரெகுலேஷன்ஸ் பரீட்சையெல்லாம் வேலைய விடாமலே எழுதலாம். பன்னெண்டாவதுல ஃபிசிக்ஸ், மேத்ஸ் இல்லன்னா என்ஐஓஎஸ்ல (தேசிய திறந்தநிலைப் பள்ளி) எழுதிருங்க. மெட்டியராலஜி நம்ம ஆளுங்களுக்கு நல்லா வரும், கேத்தி பள்ளத்துல விடியக்காத்தால பனிமூட்டம் எப்படித் தங்குது, வெயில் ஏறினா எப்படிக் கலையுதுன்னு பாத்தே வளந்தவங்க இல்லையா. ரெண்டு வருஷத்துல பேப்பரெல்லாம் முடிச்சு அப்பவும் ஆசை இப்படியே இருந்தா வாங்க, உக்காந்து பேசுவோம்.

கூடலூர்லருந்து: பையனுக்கு பைலட் கோர்ஸ் லோன். எங்க தேயிலைத் தோட்டத்த ஈடா காட்டலாமாங்க?

பட்டா இருக்கான்னு பாருங்க. செக்‌ஷன் 17 நிலம்னா (ஜன்மிங்கற பழைய நிலச்சுவான்தாருங்க நிலத்துக்கான 1969 ஜன்மம் ஒழிப்புச் சட்டத்துல வர்ற பிரிவு) பட்டா கிடையாது, அந்தச் சட்டம் வந்ததுலருந்து இழுத்துக்கிட்டு கிடக்கு, பேங்க்ல ஈடா ஏத்துக்க மாட்டாங்க. அத நம்பி பையன சேத்துட்டு பாதில நிக்க வேண்டாங்க. பட்டா நிலமா இருந்தாலும், குடியிருக்கற வீட்ட மட்டும் வைக்காதீங்க.

அரவங்காட்லருந்து: பிபிஎஃப் போட்டு ஆறு வருஷம் ஆச்சு, மகளோட ஃப்ளையிங் ஃபீஸுக்காக மூடிரலாமா சார்?

அஞ்சு வருஷம் முடிஞ்சா மேல்படிப்புக்குன்னு மூடலாம், ஆனா வட்டில 1 சதவீதம் கொறச்சுருவாங்க. எந்த கோர்ஸுக்கு ஒத்துக்குவாங்கன்னு போஸ்ட் ஆபீஸ்ல கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. நானா இருந்தா மூட மாட்டேன்.

கேத்திலருந்து: அண்ணா, பிஎஸ்சி ஃபிசிக்ஸ், வயசு 25. கையில சேமிப்பே இல்ல. ஏவியேஷன்ல எனக்கு எதாவது இருக்கா?

இருக்கும்மா, உன் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. பிஎஸ்சில மேத்ஸும் இருந்துச்சுன்னா ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டி ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர் வேலைக்கு ஆள் எடுக்கறப்ப எழுது. வயசு வரம்பு 27, ஓபிசிக்கு 3 வருஷம், எஸ்சி எஸ்டிக்கு 5 வருஷம் தளர்வு உண்டு. லட்சக்கணக்குல ஃபீஸ் கிடையாது, ட்ரெயினிங் அவங்களே குடுப்பாங்க, முதல் மாசத்துலருந்தே பிஎஃப் ஏறும். உனக்கு நாள் கம்மி, இந்த வாரமே ஆரம்பி.

வெலிங்டன்லருந்து: 52 வயசு, விஆர்எஸ் வாங்கிட்டேன். ட்ரோன் கத்துக்கலாமா?

தாராளமா சார். பத்தாவது பாஸ், 65-க்குள்ள வயசு, கோர்ஸ்ல சேர அது போதும், முடிச்சு வாங்கற சர்டிஃபிகேட் 10 வருஷம் செல்லும். கோர்ஸ் ஃபீஸ் உங்க விஆர்எஸ் பணத்துல பெரிய ஓட்டை போடாது. ஆனா நீங்க இருக்கறது மிலிட்டரி ஏரியா, ட்ரோன் எங்க பறக்கலாம்னு கலர்ல காட்டற அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை மேப்ல உங்க இடம் என்ன கலர்ல இருக்குன்னு பாக்காம வீட்டு வாசல்ல ட்ரோன எழுப்பிராதீங்க.