பியூட்டேன் எரிதல்: ஆக்சிஜன் 13 என ஒற்றைப்படையில் நிற்கும்போது

பியூட்டேன் (C₄H₁₀) எரியும் சமன்பாட்டைச் சமன் செய்யும்போது, 1 பியூட்டேனுக்கு 4 கார்பன் டை ஆக்சைடு, 5 நீர் என எழுதியதும் வலப்பக்கம் 13 ஆக்சிஜன் அணுக்கள் வந்து, இரண்டிரண்டு அணுக்களாக வரும் ஆக்சிஜன் மூலக்கூறுகளோடு பொருந்தாமல் நின்றுவிட்டீர்கள். எல்லாக் கெழுக்களையும் (வாய்பாட்டுக்கு முன்னால் எழுதும் எண்களை) இரண்டால் பெருக்குங்கள்: 2 பியூட்டேன் மூலக்கூறுகளும் 13 ஆக்சிஜன் மூலக்கூறுகளும் வினைபுரிந்து 8 கார்பன் டை ஆக்சைடு, 10 நீர் மூலக்கூறுகளைத் தருகின்றன.

வலப்பக்கத்து 13 ஆக்சிஜன் அணுக்களை இரட்டைப்படையாக்க, நீரின் வாய்பாட்டில் ஆக்சிஜனுக்குக் கீழே 2 என்று எழுதி, 18 அணுக்கள் எனக் கணக்கை முடித்திருக்கிறீர்கள். எண்கள் பொருந்துகின்றன, ஆனால் கீழெண் மாறியதும் அது நீராக இல்லாமல் ஹைட்ரஜன் பெராக்சைடாகிவிட்டது. பலரும் இடறுகிற இடம் இதுதான். முன்னால் வரும் கெழுவை மட்டுமே மாற்றலாம்.

சரிபார்க்க, இரு பக்கமும் கார்பன் 8, ஹைட்ரஜன் 20, ஆக்சிஜன் 26 அணுக்கள் வருகின்றனவா என எண்ணுங்கள். தனித்து நிற்கும் ஆக்சிஜனைக் கடைசியில் சமன் செய்வது எளிது.

இது முழுமையான எரிதலுக்கே பொருந்தும். காற்று போதாமல் கார்பன் மோனாக்சைடு உண்டானால் கெழுக்கள் வேறாகும்.